நரி என்ன பாவம் செய்தது? விலங்குக் கதைகளை வைத்துக் குழந்தைகளிடம் வெறுப்பையும் சண்டையையும் பேசுவது எப்படி

ஐந்து வயதுக் குழந்தையிடம் "நரி எப்படிப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏமாத்தும்" என்று யோசிக்காமல் பதில் வரும். கழுதை? முட்டாள். சிங்கம்? ராஜா. ஆந்தை? பயமா இருக்கும். இத்தனைக்கும் அந்தக் குழந்தை நரியை நேரில் பார்த்தே இருக்காது, அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாம் சொன்ன கதைகள்தான். பார்த்தே இராத ஒன்றைப் பற்றி, யாரோ சொன்னதை நம்பி, அந்த இனம் முழுவதற்கும் ஒரே முத்திரையைக் குத்தி வைத்திருக்கிறது. தப்பெண்ணம் என்று நாம் சொல்வது இதைத்தானே? அதைக் குழந்தையின் மனதிலிருந்து எடுக்க வேண்டும் என்று கிளம்பும் நாம் கையில் எடுத்துக்கொண்டு போவதும் அதே நரிக் கதையை.

அதற்காகக் கதையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கதைக்குள் இருக்கும் இந்தக் கோளாறுதான் நமக்குப் பயன்படப் போகிறது. எந்த மனிதரையும் புண்படுத்தாத ஓர் இடத்தில், முத்திரை எப்படி விழுகிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க முடியும். ஆனால் கதையைச் சொல்லி முடித்துவிட்டு "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் அது நடக்காது. கதையைப் பிரித்துப் போட வேண்டும், எதிர்ப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும், கதையோடு குழந்தையைச் சண்டை போடவும் விட வேண்டும். நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, வீட்டுக்கும் வகுப்பறைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்: விலங்குக் கதைக்கு ஒரு பலம், ஒரு பலவீனம்

பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலங்கைப் பற்றிப் பேசும்போது குழந்தை குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. "நீ ஏன் அவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை?" என்று நேராகக் கேட்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் "அவதான் முதல்ல..." என்று ஆரம்பிக்கும். காக்கை ஏன் ஆந்தையைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேளுங்கள், வரிசையாகக் காரணம் வரும், அதில் பாதி அதனுடைய சொந்தக் காரணமாக இருக்கும்.

பலவீனமும் அதே இடத்தில்தான். டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள். ஒன்றில் பாத்திரங்கள் விலங்குகள், இன்னொன்றில் மனிதர்கள். அப்புறம், தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களில் எத்தனையை முகம் தெரியாத இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் முன்பைவிடத் தாராளமாகக் கொடுத்தார்கள், விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. விலங்குகளும் மனிதரைப் போல நினைக்கும், உணரும் என்று எடுத்துக்கொண்ட குழந்தைகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதாவது, காட்டில் நடந்தது காட்டோடு போச்சு என்றுதான் பெரும்பாலான சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அதை வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுவரும் வேலை நம்முடையது. ஏழாவது படி முழுக்க அதற்குத்தான்.

1. எதைப் பேசப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"எல்லோரையும் நேசிக்கணும்" என்பது பாடமே இல்லை, அதற்கு எந்தக் கதையும் பொருந்தும், ஒன்றும் ஒட்டாது. வெறுப்பு பல வேடத்தில் வருகிறது. தோற்றத்தைப் பார்த்து எடை போடுவது ஒன்று. ஒருவர் செய்ததற்கு அவர் கூட்டத்தையே பழிப்பது இன்னொன்று. வதந்தியை விசாரிக்காமல் நம்புவது, வார்த்தையால் மட்டம் தட்டுவது, ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவது என்று போய்க்கொண்டே இருக்கும். இப்போது உங்கள் பிள்ளைகளிடையே எது நடக்கிறது என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் கதை எடுங்கள்.

வதந்திக்கு, புத்தரின் முற்பிறப்புக் கதைகளான ஜாதகக் கதைகளில் வரும் முயலைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. பனையோலை மேல் வில்வப்பழம் விழுந்த சத்தத்தைக் கேட்டு, பூமி பிளக்கிறது என்று முயல் ஓடும், அதைப் பார்த்து மற்ற முயல்கள், மான், பன்றி, யானை வரை எல்லாம் ஓடும். ஒரு சிங்கம் மட்டும் வழிமறித்து, "யார் பார்த்தது?" என்று ஒவ்வொரு இனமாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் முயலிடம் போய் நிற்கும். வார்த்தையால் குத்துவதற்கு நந்திவிசாலன் என்ற எருது. நூறு வண்டிகளை என் எருது இழுக்கும் என்று பந்தயம் கட்டியவன், அதை "இழுடா திருட்டு மாடே" என்கிற மாதிரி ஏசுகிறான். எருது அசையவில்லை, பணம் போகிறது. மறுமுறை மரியாதையாகக் கூப்பிட்டதும் இழுத்துவிடுகிறது. அவசரத் தீர்ப்புக்குப் பஞ்சதந்திரத்தின் கீரிப்பிள்ளை இருக்கிறது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும், குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். சிலப்பதிகாரத்திலேயே இந்தக் கதை தலைகாட்டுகிறது என்றால் எத்தனை காலமாக நாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். சண்டை வேறு, கொடுமை வேறு. நரி தட்டையான தட்டில் கஞ்சி வைக்க, பதிலுக்குக் கொக்கு குறுகிய கழுத்துள்ள ஜாடியில் வைத்தது சண்டை. இரண்டு பேரிடமும் பேச ஏதோ இருக்கிறது. ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்பது சண்டை கிடையாது. அங்கே போய் "ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கணும்" என்று முடித்தால், அடிபடும் குழந்தைக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது "பொறுத்துக்கோ" என்பதைத்தான்.

2. கதையைச் சலித்துப் பாருங்கள்

பழைய கதைகள் எல்லாம் குழந்தைகளை நல்லவர்களாக்க எழுதப்பட்டவை என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. பஞ்சதந்திரத்தின் கட்டமைப்பே வேறு. படிப்பு ஏறாத மூன்று இளவரசர்களுக்கு விஷ்ணுசர்மன் ஆறே மாதத்தில் அரசியல் கற்றுக்கொடுப்பதாகத்தான் அது தொடங்குகிறது. பகைவனைப் பிரிப்பது, ஏமாற்றுவது, தப்பிப்பது எல்லாம் அதில் பாடம். ஆளப்போகிறவனுக்கு வேண்டியது அது. ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

சாயத்தொட்டியில் விழுந்து நீலமாகிவிட்ட நரியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற விலங்குகள் பயந்து அதை ராஜாவாக்குகின்றன. அது தன் இன நரிகளையே துரத்திவிடுகிறது. ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிட, இதுவும் தன்னை மறந்து ஊளையிட, உண்மை தெரிந்து கொன்றுவிடுகிறார்கள். வழக்கமாக நாம் சொல்லும் நீதி, "பிறவிக் குணம் மாறாது", அல்லது "வேஷம் நிலைக்காது." கேட்கும் குழந்தைக்கு என்ன போய்ச் சேரும்? நீ எங்கே பிறந்தாயோ அதுதான் நீ, அது வெளியே தெரிந்தால் தொலைந்தாய். தன் வீட்டைப் பற்றி வகுப்பில் மறைத்துப் பேசும் ஒரு குழந்தை அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் இது எப்படி விழும் என்று யோசியுங்கள். எலி பெண்ணாக மாறி, சூரியன், மேகம், காற்று, மலை என்று எல்லா மாப்பிள்ளையும் வேண்டாமென்று கடைசியில் எலியையே கட்டிக்கொள்ளும் கதையும் இதே ரகம்.

எனவே கதையை எடுத்ததும் மூன்று கேள்வி. கெட்டது நடப்பதற்குக் காரணம் ஒருவர் செய்த காரியமா, அவர் பிறந்த இனமா? கடைசியில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது? இரண்டு விலங்குகளுக்கு நடுவில் இருப்பது பசியா, பகையா? முதல் கேள்விக்குப் பதில் "பிறந்த இனம்" என்று வந்தால் ஒன்பது பத்து வயதுக்குக் கீழே அதைச் சொல்லாதீர்கள். மேலே உள்ளவர்களுக்குச் சொல்லலாம், கதையை விசாரிப்பதற்காக. "நீல நரி ஆட்சியில் யாருக்கு என்ன கெடுதல் நடந்தது? நரி என்று தெரிந்த பிறகு என்ன மாறியது? தன் கூட்டத்தையே ஏன் துரத்தியது?" இந்த மூன்று கேள்விக்கு ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவார்கள்.

மூன்றாவது கேள்வி ஏன் என்றால், ஓநாய்க்கும் ஆட்டுக்கும் உள்ள வேறுபாடு நிஜமானது, ஒன்றின் உணவு இன்னொன்று. மனிதக் கூட்டங்களுக்கு நடுவில் அப்படி எதுவும் கிடையாது. "அவங்க ஓநாய் மாதிரி, நாம ஆடு மாதிரி" என்று ஒரு குழந்தை சொன்னால் புத்திசாலித்தனமாகப் பொருத்திவிட்டது என்று மகிழாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். எந்த விலங்கையும் எந்த மனிதக் கூட்டத்துக்கும் ஈடாக வைக்கக் கூடாது. நல்லவிதமாகச் சொல்கிறோம் என்றாலும் கூடாது.

இது மிகைப்பட்ட எச்சரிக்கை இல்லை. 1940-இல் நாஜி ஜெர்மனியில் சிறுவர்களுக்காகவே ஒரு விலங்குக் கதைத் தொகுப்பு வெளியானது. குயில் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும், ஆண் தேனீ உழைக்காமல் தின்னும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, யூதர்களும் அப்படித்தான் என்று கொண்டுபோய் முடிக்கும். 1994-இல் ருவாண்டாவில் வானொலியில் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அப்புறம் நடந்த இனப்படுகொலை உலகத்துக்கே தெரியும். விலங்குக் கதை தானாகவே நல்லது செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

3. வயதைப் பாருங்கள்

ஐந்து வயதுக்குக் கீழே கதை குட்டியாக, பாத்திரம் இரண்டோ மூன்றோ, யாருக்கு என்ன வருத்தம் என்பது முகத்திலேயே தெரிகிற மாதிரி இருந்தால் போதும். நந்திவிசாலன் இந்த வயதுக்கு ஓடும்.

ஆறு ஏழு வயதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே 1932-இல் எழுதிய பழைய சோதனை ஒன்று. கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் திறந்ததில் 15 கோப்பைகளை உடைத்துவிட்ட பையன், ஜாம் எடுக்கத் திருட்டுத்தனமாக ஏறி 1 கோப்பையை உடைத்த பையன், இருவரில் யார் மோசம் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலர் பதினைந்து உடைத்தவனைத்தான் சொன்னார்கள். சேதத்தை எண்ணுகிறார்கள், நோக்கத்தைப் பார்ப்பது பிறகுதான் வருகிறது. கீரிப்பிள்ளைக் கதையை இந்த வயதில் சொன்னால் "அம்மா கெட்டவங்க" என்று தீர்ப்பு வந்துவிடும். "அம்மா அப்போ என்ன பார்த்தாங்க? எதைப் பார்க்கலை?" என்று நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எட்டிலிருந்து பத்து வரை, ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்து சொல்ல முடியும். அதற்கு மேல் கதையையே சந்தேகப்பட விடுங்கள்: இதை யார் சொன்னது, யாருக்காக, நரி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

4. சொல்லுங்கள், சரியான இடத்தில் நிறுத்துங்கள்

ஈசாப் கதைகளில் வரும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையை நான் இப்படித்தான் சொல்வேன். அவசரமே கூடாது.

ஓநாய் ஓடையின் மேல்பக்கம் நிற்கிறது, ஆட்டுக்குட்டி கீழ்ப்பக்கம் தண்ணீர் குடிக்கிறது. "நான் குடிக்கிற தண்ணீரை ஏன் கலக்குகிறாய்?" என்கிறது ஓநாய். "தண்ணீர் உங்களிடமிருந்துதானே என் பக்கம் ஓடி வருகிறது? நான் எப்படிக் கலக்க முடியும்?" ஓநாய் கொஞ்சம் யோசிக்கிறது. "சரி, போன வருஷம் என்னைத் திட்டினாயே, அது?" "நான் போன வருஷம் பிறக்கவே இல்லையே!" "நீ இல்லையென்றால் உன் அப்பா!"

இங்கே நிறுத்துங்கள். தின்றது என்று சொல்லாதீர்கள். கதைப் புத்தகம் கையில் இருந்தால் மூடி வையுங்கள். கேட்பது ஒரே கேள்வி: "ஆட்டுக்குட்டி இன்னொரு நல்ல பதில் சொன்னால் ஓநாய் விட்டுவிடுமா?"

முதலில் எல்லோரும் பதில் தேடுவார்கள். "எங்க அப்பா அந்தப் பக்கமே வந்ததில்லைன்னு சொல்லலாம்." சரி, அப்புறம் ஓநாய் என்ன சொல்லும்? "உன் தாத்தா!" தாத்தாவும் வரவில்லை என்றால்? "உன் மாமா!" சிரிப்பு வரும், வரட்டும். இப்படி நான்கைந்து சுற்றுப் போனதும் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்: "அது ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம். முடிவு முதலில், காரணம் பிறகு. குற்றச்சாட்டு ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போனாலும் தண்டனை மட்டும் மாறாமல் இருந்தால் அங்கே விசாரணை நடக்கவில்லை என்பதை ஏழு வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். நீங்களாக அதைச் சொல்லிவிடாதீர்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த நாள் தொடருங்கள்.

அடுத்த கேள்வி, "அப்படியென்றால் ஆட்டுக்குட்டி என்னதான் செய்ய முடியும்?" ஓடும், கத்தும், மற்ற ஆடுகளைக் கூப்பிடும், மேய்ப்பரைக் கூப்பிடும், நாளைக்குத் தனியாக வராது. இங்கேதான் "பார்த்துக்கொண்டிருந்த மற்ற விலங்குகள்" என்ற பாத்திரத்தை நுழைக்கலாம். மூலக்கதையில் அப்படி யாரும் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிஜ வாழ்க்கையில் ஓநாயும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். ஓடைக் கரையில் ஒரு முயல் இருந்ததாம், ஓர் எருமை இருந்ததாம், அவை என்ன செய்தன என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

5. அடுத்த பக்கத்திலிருந்து சொல்ல வையுங்கள்

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி காக்கைக்கும் ஆந்தைக்கும் நடக்கும் போர். "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று திருக்குறளின் 481-ஆம் குறள் காலமறிதலுக்கு உவமை சொல்கிறதே, அதே ஜோடிதான். பகலில் காக்கைக் கூட்டம் ஆந்தையைச் சூழ்ந்து துரத்துவது இயற்கையிலும் நடக்கிறது. நமக்கு வேண்டியது கதையில் பகை எப்படித் தொடங்கியது என்பது. பறவைகள் எல்லாம் சேர்ந்து ஆந்தைக்கு முடிசூட்டப் போகின்றன. அங்கே ஒரு காக்கை வந்து, கோபம் வராதபோதே இதன் முகம் இவ்வளவு கோரமாக இருக்கிறது, கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. முடிசூட்டு விழா கலைகிறது. ஆந்தை செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை, முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஆந்தைகள் இரவில் வந்து காக்கைகளைக் கொல்கின்றன. ஒரு கிழட்டுக் காக்கை, தன் கூட்டமே தன்னை அடித்துப் போட்டுவிட்டதாக நடித்து ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுந்து, குகை வாயிலில் சுள்ளிகளைச் சேர்த்து, பகலில் தீ வைத்து எல்லாவற்றையும் அழிக்கிறது. மூலத்தில் இது காக்கைகளின் சாமர்த்தியம். அடைக்கலம் கேட்டவனை நம்பாதே என்று எச்சரித்த ஆந்தை அமைச்சர் சொன்னதுதான் கதையில் பலிக்கிறது. சொல்லப்போனால் மேலே பார்த்த அந்த எலிப் பெண் கதையைச் சொல்வதே இந்த அமைச்சர்தான், இனம் மாறாது என்பதற்கு ஆதாரமாக! இதைச் சின்னப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்ல முடியாது என்பது புரிகிறது அல்லவா? எட்டு வயதுக்கு மேல் சொல்லலாம், தீயைக் குறைத்து, அழித்தது என்பதை விவரிக்காமல்.

சொன்ன பிறகு வேலை இது. பிள்ளைகளில் பாதிப் பேர் காக்கைக் குஞ்சு, பாதிப் பேர் ஆந்தைக் குஞ்சு. "உங்க பாட்டி உங்களுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பாங்க?" காக்கைக் குஞ்சுகளின் கதை பெரும்பாலும் இரவுத் தாக்குதலில் ஆரம்பிக்கும். ஆந்தைக் குஞ்சுகளின் கதை முடிசூட்டு விழாவில் ஆரம்பிக்கும். அந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்: நீங்கள் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள், அவர்கள் எங்கிருந்து? சகோதரச் சண்டையிலும் இதே கதைதான், அவன் அடித்ததிலிருந்து இவள் ஆரம்பிப்பாள், இவள் பிடுங்கியதிலிருந்து அவன் ஆரம்பிப்பான். அடுத்து, தீயிலிருந்து பின்னோக்கிப் போய் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு கட்டமாக வரையச் சொல்லி, எந்தக் கட்டத்தில் யார் என்ன சொல்லியிருந்தால் அடுத்த கட்டம் வந்திருக்காது என்று கேளுங்கள். முடிசூட்டு விழாவில் கூடியிருந்த மற்றப் பறவைகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்வி தானாக வரும். வரவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

6. முத்திரையை உடையுங்கள்

தந்திர நரிக்குப் பதில் நல்ல நரி, முட்டாள் கழுதைக்குப் பதில் புத்திசாலிக் கழுதை என்று மாற்றிச் சொல்வது எல்லோருக்கும் தோன்றும் வழி. கொஞ்சம் உதவும், ஆனால் "நரிகள் எல்லாம் நல்லவை" என்பதும் ஒரு முத்திரைதான். மாற்ற வேண்டியது வாக்கியத்தின் அமைப்பை. "நரி தந்திரமானது" என்பதற்கும் "இந்த நரி இன்றைக்கு ஏமாற்றியது" என்பதற்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம். உளவியலாளர் மார்ஜரி ரோட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 'சார்ப்பி' என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றி ஒரு படப்புத்தகம் வைத்து நான்கு வயதுக் குழந்தைகளிடம் பேசினார்கள். "சார்ப்பிகள் இன்ன பூச்சிக்குப் பயப்படுவார்கள்" என்று பொதுவாகக் கேட்ட குழந்தைகள் அது அந்தக் கூட்டத்தின் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்வது அதிகமாக இருந்தது. "இந்த சார்ப்பி பயப்படுகிறார்" என்று கேட்டவர்களிடம் அது குறைவு. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, பன்மையில் சொன்னது மட்டும்தான் வேறுபாடு.

ஆகவே கதையில் நரிக்குப் பெயர் வையுங்கள். கூடவே இன்னொரு நரியையும் கொண்டு வாருங்கள், முதல் நரி செய்ததை ஏற்காத நரி. இரண்டு போதும், "நரிகள் எல்லாம்" என்ற வாக்கியம் அதற்கப்புறம் நிற்காது.

நிஜ விலங்கைப் பற்றிப் படிப்பதும் இதற்குக் கைகொடுக்கும். கழுதைப்புலி என்றாலே திருடித் தின்னும் கோழை என்று கதைகளில் பேர். ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் இரவில் பின்தொடர்ந்து பார்த்தபோது, புள்ளிக் கழுதைப்புலிகள் பெரும்பாலும் தாமே வேட்டையாடுவதையும், காலையில் ஆட்கள் பார்ப்பதற்குள் சிங்கங்கள் வந்து அதைப் பிடுங்கிக்கொள்வது உண்டு என்பதையும் கண்டு 1972-இல் புத்தகமாக எழுதினார். பகலில் மட்டும் பார்த்தவர்கள் சிங்கத்தின் கையில் இரையையும் சுற்றிக் காத்திருக்கும் கழுதைப்புலியையும் பார்த்து, யார் திருடன் என்று முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், "அப்போ ராஜாதான் திருடனா!" என்று துள்ளுவார்கள். சிங்கத்துக்கும் முத்திரை குத்திவிடாதபடி கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

7. காட்டிலிருந்து வீட்டுக்கு

டொரொண்டோ ஆய்வு சொன்ன பலவீனத்துக்கு இங்கேதான் மருந்து. கதை முடிந்த சூட்டோடு "நீயும் நேற்று அப்படித்தானே செய்தாய்?" என்று கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு, இனி கதை என்றாலே பொறி என்று ஆகிவிடும். ஒருநாள் விடுங்கள். பிறகு அதே கதையை மனிதர்களை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: ஓநாயும் ஆட்டுக்குட்டியும் இல்லை, ஒரு பெரிய பையன், ஒரு சின்னப் பையன், ஒரு விளையாட்டுத் திடல். என்ன நடக்கும்? யார் பக்கத்தில் நிற்பார்கள்? பெயர் எல்லாம் கற்பனைப் பெயராகவே இருக்கட்டும். இந்த நடுப் படியைத் தாண்டி வந்த குழந்தை, "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன்..." என்று தானே ஆரம்பிக்கும். அப்போது கேட்டுக்கொள்வது மட்டும்தான் உங்கள் வேலை.

சண்டையைப் பற்றிய கதை என்றால் பேச்சோடு நிறுத்தாமல் கைவேலை ஒன்றும் கொடுங்கள். வலையில் சிக்கிய காடைகள் ஒரே நேரத்தில் பறந்து வலையைத் தூக்கிக்கொண்டு போகும் ஜாதகக் கதை தெரியும். ஒருநாள் ஒன்று இன்னொன்றின் தலையை மிதித்துவிட, வாய்ச்சண்டை முற்றி, "நீயே தூக்கு பார்ப்போம்" என்று ஆளுக்காள் ஒதுங்க, வேடன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான். இதைக் கேட்டு "ஒற்றுமையே பலம்" என்று எல்லாப் பிள்ளையும் ஒப்பிப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் பென்சிலுக்கு அடித்துக்கொள்வார்கள்.

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர், ஏறத்தாழ ஒரே பின்னணியிலிருந்து வந்த 11, 12 வயதுச் சிறுவர்கள் 22 பேரை ஒரு முகாமில் இரண்டு அணியாக வைத்தார். அணிகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் கழுகுகள், கிலுகிலுப்பைப் பாம்புகள். போட்டிகள் தொடங்கியதும் ஓர் அணி மற்ற அணியின் கொடியை எரித்தது, ஒருவர் தங்கும் அறைக்குள் ஒருவர் புகுந்து கலைத்தார்கள். ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் சாப்பாட்டை எறிந்துகொண்டார்கள். தண்ணீர் வராமல் போய் எல்லோரும் சேர்ந்து காரணம் தேட வேண்டி வந்தது, நின்றுபோன லாரியைக் கயிறு கட்டிச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது, இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் இறுக்கம் தளர்ந்தது. பெரியவர்கள் பிள்ளைகளை இப்படித் தூண்டிவிட்டுப் பார்த்தது சரியா என்பது தனி விவாதம், எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் பகை போகாது, ஒருவரில்லாமல் இன்னொருவருக்கு முடியாத வேலை வேண்டும் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். காடைக் கதை சொன்ன அன்றைக்கு, நான்கு மூலையிலும் நான்கு பேர் பிடித்து, போர்வையின் நடுவில் ஒரு பந்தை வைத்து, கீழே விழாமல் அறையைச் சுற்றி வரச் சொல்லுங்கள். முந்தின நாள் முட்டிக்கொண்ட இரண்டு பேரையும் எதிரெதிர் மூலையில் நிறுத்துங்கள், அதற்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

8. அவர்களே ஒரு கதை செய்யட்டும்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு விலங்கு, ஒரே இடம் அல்லது ஒரே பொருள், ஒருவரைப் பற்றி இன்னொருவர் கேள்விப்பட்ட ஒரு வதந்தி. பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், இனப்பெயரை வைத்துக் கூப்பிடக் கூடாது. முடிவு நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சமாதானம் ஆகாத கதையில்தான் குழந்தையின் மனதில் இருப்பது வெளியே வரும். "நீதி:" என்று கடைசியில் ஒரு வரி எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கதையை எப்போது கீழே வைக்க வேண்டும்

ஒரு குழந்தை தன் நிறத்துக்காகவோ, பேச்சுக்காகவோ, குடும்பத்துக்காகவோ இப்போது நிஜமாகவே ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தக் குழந்தையை வட்டத்தில் உட்கார வைத்து ஆட்டுக்குட்டிக் கதை சொல்லாதீர்கள். எல்லாத் தலையும் அதன் பக்கம் திரும்பும். அதனிடம் தனியாக, நேராக, விலங்கு எதுவும் இல்லாமல் பேசுங்கள்: "உனக்கு நடக்கிறது தப்பு, உன் மேல் பிழை இல்லை, நான் என்ன செய்யட்டும்?" செய்தவர்களிடமும் நேராகவே பேச வேண்டும், செய்ததை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் அவர்களுடைய பெற்றோரையும் பள்ளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நடந்து, அந்தக் குழந்தை மறுபடி மற்றவர்களோடு விளையாட ஆரம்பித்து, ஒரு மாதமாவது போகட்டும். அப்புறம் எந்தக் கதையை எடுக்கலாம் என்று அதையே கேளுங்கள்.